சங்கத் தேர்தலுக்கு எந்த வாக்குமுறை? கைதூக்குவதிலிருந்து விருப்ப வரிசை வரை ஓர் ஒப்பீடு

குடியிருப்போர் நலச் சங்கம், முன்னாள் மாணவர் மன்றம், வெளியூர்த் தமிழ்ச் சங்கம் என்று எதை எடுத்துக்கொண்டாலும், முதல் சில ஆண்டுகள் நிர்வாகிகள் ஏகமனதாகவே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பிறகு ஓர் ஆண்டு ஒரே பதவிக்கு மூன்று பேர் பெயர் கொடுக்கிறார்கள். துணைவிதியில் 'தேர்தல் மூலம்' என்ற இரண்டு சொற்கள் மட்டுமே இருப்பதும், எப்படி வாக்களிப்பது, எப்படி எண்ணுவது என்பது எங்கும் எழுதப்படாததும் அன்றைக்குத்தான் கண்ணில் படுகின்றன. அண்மையில் எனக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த நிலையில் வந்து நின்றவர்களுடையவை. அவற்றுள் ஒன்று 240 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பைப் பற்றியது. அங்கே ஒரு செயலாளரையும் 11 செயற்குழு உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு அணிகள் இருக்கின்றன. எந்த அணியிலும் சேராத சிலரும் போட்டியிட விரும்புகிறார்கள். கை தூக்கினால் போதுமா, சீட்டு அச்சடிக்க வேண்டுமா, விருப்ப வரிசை என்கிறார்களே அது நமக்கு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறார்கள். கீழே வரும் கணக்குகளுக்கு அந்த 240 வீடுகளையே, வீட்டுக்கு ஒரு வாக்கு என்று வைத்துக்கொள்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி, ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோமா, ஒரு குழுவைத் தேர்ந்தெடுக்கிறோமா என்பது. செயலாளர் ஒருவர்தான் என்பதால் அவர் பாதிப் பேருக்கு மேல் ஏற்றுக்கொண்டவராக இருக்க வேண்டும். செயற்குழு 11 பேர் என்பதால் அதில் பாதிப் பேரின் கருத்து மட்டும் இடம்பெற்றால் போதாது. இந்த இரண்டு வேலைகளையும் ஒரே முறையால் முடிக்க முயல்வதுதான் நான் பார்த்தவரை சங்கங்கள் செய்யும் முதல் தவறு.

அடுத்தது இரகசியம். ஒரே மாடியில் குடியிருப்பவர்கள், ஒருவருக்கொருவர் கடன் கொடுத்தவர்கள், பிள்ளைகளை ஒரே வண்டியில் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள் வாக்களிக்கும் இடத்தில் இது சட்டமன்றத் தேர்தலைவிடவும் முக்கியமானது. மூன்றாவது, வாக்காளர் தம் மனத்தில் உள்ளதை அப்படியே எழுத முடிகிறதா, அல்லது 'என் வாக்கு வீணாகிவிடுமே' என்று அஞ்சி வேறொருவருக்குப் போட வேண்டியிருக்கிறதா என்பது. நான்காவது, எண்ணிக்கையைச் சாதாரண உறுப்பினர் ஒருவர் அருகில் நின்று தாமே சரிபார்க்க முடிகிறதா என்பது. ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2009-இல் வாக்குப்பதிவு இயந்திரங்கள் பற்றிய வழக்கில் இதையே அடிப்படையாகக் கொண்டது: வாக்களிப்பதன் முக்கியக் கட்டங்களைச் சிறப்பு அறிவு எதுவும் இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்றது. 240 வீடுகளுக்கும் அது பொருந்தும். இவற்றோடு செல்லாத வாக்குகள் எத்தனை விழும், எண்ணுவதற்கு எத்தனை மணி நேரமாகும் என்ற நடைமுறைக் கணக்குகளும் உண்டு.

## கை தூக்குதல்

செலவில்லாதது, ஐந்து நிமிடத்தில் முடிவது, எல்லோர் கண்முன்னும் நடப்பது. சுவிட்சர்லாந்தின் கிளாரஸ், அப்பென்செல் இன்னர்ரோடன் ஆகிய இரு மாநிலங்களில் இன்றும் மக்கள் ஆண்டுக்கொரு முறை திறந்தவெளியில் கூடிக் கையுயர்த்தியே முடிவெடுக்கிறார்கள். அதே அப்பென்செல் இன்னர்ரோடனில்தான் பெண்களுக்கு வாக்குரிமை 1990 வரை மறுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அண்டை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கக் கை தூக்கும் அவையில், வழக்கத்துக்கு மாறான கருத்து மேலெழுவது கடினம்.

இம்முறையின் மறைந்திருக்கும் செலவு அடுத்த நாள் காலையில் தெரியும். நான் தேர்தல் அலுவலராக இருந்த ஒரு குடியிருப்பில், கைதூக்கி வாக்களித்த பிறகு இரண்டு குடும்பங்கள் ஓராண்டுக்கு மேல் பேசிக்கொள்ளவில்லை. தோற்றவரைவிட, தமக்குக் கை தூக்குவார் என்று அவர் நம்பியிருந்தவர்தான் அதிகம் வருந்தினார். ஆட்களைத் தேர்ந்தெடுக்க இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த வண்ணம் பூசுவது, எந்த ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூட்டுவது போன்ற தீர்மானங்களுக்கும், ஒருவர் மட்டுமே போட்டியிடும் பதவிக்கும் இது போதும்.

## ஒரே குறி, அதிக வாக்கு

மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் நாம் வாக்களிக்கும் முறை இதுதான். ஒருவருக்கு ஒரு குறி. மற்றவர் எவரையும்விட ஒரு வாக்கு அதிகம் பெற்றவர் வென்றவர். விளக்க வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய பலம். எழுபது வயதுப் பெரியவர் முதல் முதன்முறை வாக்களிப்பவர் வரை அனைவருக்கும் பழகிய முறை, செல்லாத வாக்கு மிகக் குறைவு, 240 சீட்டுகளை அரை மணி நேரத்தில் எண்ணிவிடலாம். இருவர் மட்டும் போட்டியிடும்போது இதைவிடச் சிறந்த முறை கிடையாது. வேறெதையும் தேட வேண்டாம்.

மூவர் வந்ததும் கதை மாறுகிறது. செயலாளர் பதவிக்கு முதலாமவர் 96, இரண்டாமவர் 84, மூன்றாமவர் 60 வாக்குகள் பெறுகிறார்கள் என்று கொள்வோம். முதலாமவர் வென்றுவிட்டார், ஆனால் 144 வீடுகள் வேறொருவரை விரும்பியிருக்கின்றன. அந்த 144 வீடுகளில் பெரும்பாலானவை அவரை அறவே விரும்பாதவையாக இருந்தாலும் அதைச் சொல்லச் சீட்டில் இடமில்லை. இதனால் போட்டிக்கு முன்பே 'நீங்கள் நின்றால் வாக்கு பிரியும், விலகிவிடுங்கள்' என்ற பேச்சு தொடங்குகிறது. நல்ல மனிதர் ஒருவர் நிற்பதே குற்றமாகிவிடுவது இம்முறையின் உண்மையான விலை என்று நினைக்கிறேன்.

## இரண்டு சுற்று

முதல் சுற்றில் எவரும் பாதியைத் தாண்டவில்லை என்றால், முதல் இருவருக்கு இடையே மறு வாக்கெடுப்பு. பிரான்சில் அதிபரைத் தேர்ந்தெடுப்பது இப்படித்தான். இறுதி வெற்றியாளர் பாதிக்கு மேல் பெற்றே தீர்வார் என்பதும், இரு சுற்றுகளுக்கு இடையில் இருவரையும் நேருக்குநேர் கேள்வி கேட்க முடியும் என்பதும் இதன் நன்மைகள்.

முதல் இரண்டு இடங்களுக்குள் வருவதில் வாக்குப் பிரிவுச் சிக்கல் இங்கும் தீரவில்லை. 2002-இல் பிரான்சின் இடதுசாரி வாக்குகள் பல வேட்பாளர்களிடையே சிதறியதால், 16.18 விழுக்காடு பெற்ற லியோனல் ஜோஸ்பன் மூன்றாமிடத்துக்குப் போனார், 16.86 விழுக்காடு பெற்ற தீவிர வலதுசாரி ழான்-மரி லெ பென் இரண்டாம் சுற்றுக்கு வந்தார். அந்தச் சுற்றில், முதலிடத்தில் வந்திருந்த ஜாக் ஷிராக் 82 விழுக்காட்டுக்கு மேல் பெற்றார் என்பதே, அங்கே உண்மையான போட்டி நடக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. சங்கங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களில் பலர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார்கள். இரண்டு சுற்றையும் ஒரே நாளில், மதிய உணவுக்கு முன்னும் பின்னுமாக நடத்த முடிந்தால் மட்டுமே இதை எடுத்துக்கொள்ளலாம்.

## விருப்ப வரிசை

வாக்காளர் தம் முதல் விருப்பத்துக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று எண்களை எழுதுகிறார். எவரும் பாதியைத் தாண்டாவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அவற்றில் எழுதப்பட்ட அடுத்த விருப்பத்துக்கு மாற்றுகிறார்கள். மேலே சொன்ன கணக்கில் மூன்றாமவரின் 60 சீட்டுகளில் 15 முதலாமவருக்கும் 40 இரண்டாமவருக்கும் போய், 5 சீட்டுகளில் அடுத்த விருப்பம் இல்லையென்றால், முதலாமவருக்கு 111, இரண்டாமவருக்கு 124. இரண்டாம் சுற்று இல்லாமலே இரண்டாம் சுற்றின் பயன் கிடைத்துவிடுகிறது. பிடித்தவருக்கு முதலிடம் கொடுத்ததற்காக எவரும் வருந்த வேண்டியதில்லை. வாக்கைப் பிரிப்பார் என்று எவரையும் விலகச் சொல்ல வேண்டியதில்லை.

இது நமக்கு அயலான முறையும் அன்று. இந்தியக் குடியரசுத் தலைவர் இப்படித்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறார். 1969-இல் முதல் விருப்ப வாக்குகளில் வி.வி. கிரி 4,01,515 மதிப்பும் நீலம் சஞ்சீவ ரெட்டி 3,13,548 மதிப்பும் பெற்றனர். வெல்லத் தேவையான 4,18,169 எவருக்கும் கிடைக்கவில்லை. பின்தங்கிய வேட்பாளர்களின் சீட்டுகள் மாற்றப்பட்டபோது, மூன்றாமிடத்தில் இருந்த சி.டி. தேஷ்முக்குக்கு முதலிடம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ரெட்டியைத் தங்கள் இரண்டாம் விருப்பமாக எழுதியிருந்தது தெரிந்தது. இடைவெளி வெகுவாகச் சுருங்கி, கிரி 4,20,077-க்கு 4,05,427 என்று வென்றார்.

ஆனால் இம்முறையைப் பரிந்துரைப்பவர்கள் அதிகம் சொல்லாத ஒரு செலவு இருக்கிறது: விருப்பங்களை எழுதும் பழக்கம் இல்லையென்றால் முறை இருந்தும் பயனில்லை. இலங்கையில் அதிபர் தேர்தல் சீட்டில் மூன்று விருப்பங்கள் வரை எழுதலாம் என்பது 1978 அரசமைப்பிலிருந்தே உள்ள ஏற்பாடு. ஆயினும் 2024 செப்டம்பரில்தான் முதன்முறையாக அவற்றை எண்ண வேண்டி வந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காடும் சஜித் பிரேமதாச 32.76 விழுக்காடும் பெற்றிருந்தார்கள். மற்ற வேட்பாளர்களுக்கு 33 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்திருந்தன. அந்த 33 இலட்சம் சீட்டுகளில் முதல் இருவருக்கு விருப்பமாக மாறிச் சேர்ந்தவை 1,05,264-உம் 1,67,867-உம் மட்டுமே. அதாவது பன்னிரண்டில் பதினொரு பங்குக்கும் அதிகமான சீட்டுகள் இறுதிப் போட்டியில் பேசாமலே நின்றுவிட்டன. சீட்டை மாற்றியமைத்தால் போதாது, வாக்காளருக்குப் பயிற்சியும் கொடுத்தாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்னொரு குறை நுட்பமானது. எல்லோருக்கும் இரண்டாம் விருப்பமாக இருக்கும் நடுநிலையாளர், முதல் விருப்பங்கள் குறைவு என்பதற்காக முதலிலேயே நீக்கப்படலாம். 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் அலாஸ்காவில் நடந்த இடைத்தேர்தலில் நிக் பெகிச் அப்படி நீக்கப்பட்டார். சீட்டுகளை ஆராய்ந்தபோது, மற்ற இரு வேட்பாளர்களான மேரி பெல்டோலாவையோ சாரா பேலினையோ அவர் தனித்தனியே எதிர்கொண்டிருந்தால் இருவரையும் வென்றிருப்பார் என்று தெரிந்தது. இது அரிதாக நிகழ்வது, இருந்தாலும் நிகழக்கூடியது.

## ஏற்பு வாக்கு

உங்களால் ஏற்றுக்கொள்ள முடிகிற எல்லோருக்கும் ஒவ்வொரு குறி. அதிகக் குறிகள் பெற்றவர் வென்றவர். ஒருவருக்குப் போட்டாலும் சீட்டு செல்லும், நால்வருக்குப் போட்டாலும் செல்லும். எண்ணுவது ஒரே குறி முறையைப் போலவே எளிது, வரிசைப்படுத்தும் சிரமம் இல்லை, நடுநிலையாளர் நீக்கப்படும் ஆபத்தும் குறைவு. ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் செயலாளரைத் தெரிவதற்கு முன் பாதுகாப்பு அவை நடத்தும் முன்னோட்ட வாக்கெடுப்புகள் இதற்கு நெருங்கிய உறவு: ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'ஊக்குவிக்கிறேன்', 'ஊக்குவிக்கவில்லை', 'கருத்தில்லை' என்று குறிக்கிறார்கள். 2016-இல் அந்தோனியோ குத்தேரஸ் அந்தச் சுற்றுகள் அனைத்திலும் முன்னிலையில் இருந்தார்.

குறை என்னவென்றால், மிகவும் பிடித்தவருக்கும் 'பரவாயில்லை' என்பவருக்கும் ஒரே எடைதான். அணிகள் உறுதியாகப் பிரிந்திருக்கும் இடத்தில் ஒவ்வொரு அணியும் 'நம் ஆளுக்கு மட்டும் போடுங்கள்' என்று சொல்லிவிட்டால், இது பெயர் மாறிய ஒரே குறி முறையாகிவிடும். பகை இல்லாத, ஆனால் ஐந்தாறு பேர் போட்டியிடுகிற மன்றங்களுக்கு இது மிகப் பொருத்தமானது.

## செயற்குழுவுக்கு: மொத்தமாகவா, பங்காகவா

இங்கேதான் அதிகம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான சங்கங்கள் யோசிக்காமலே தேர்ந்தெடுத்துவிடும் முறை இங்கே இருக்கிறது. 11 இடங்கள் என்றால் ஒவ்வொருவருக்கும் 11 குறிகள் கொடுத்து, அதிக வாக்கு பெற்ற முதல் 11 பேரை அறிவிப்பது இயல்பாகத் தோன்றுகிறது. ஓர் அணியை 130 வீடுகளும் மற்றதை 110 வீடுகளும் ஆதரிக்கின்றன என்றால் விளைவு என்ன? முதல் அணியின் 11 பேரும் 130 வாக்குகள் பெறுவார்கள். இரண்டாம் அணியின் 11 பேரும் 110 பெறுவார்கள். 11 இடங்களும் ஒரே அணிக்கு. 110 வீடுகள் மூன்றாண்டுகளுக்குச் செயற்குழுவில் குரலின்றிப் பராமரிப்புக் கட்டணம் மட்டும் கட்டும். சங்கங்கள் உடைவதும், போட்டிச் சங்கங்கள் பதிவாவதும் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

பெரிய அளவில் இதே விளைவைத் தொகுதி முறையில் பார்க்கிறோம். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் சுமார் 44 விழுக்காடு வாக்கு பெற்ற அதிமுகவுக்கு 39-இல் 37 இடங்கள் கிடைத்தன. நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெற்ற திமுகவுக்கு ஓரிடமும் இல்லை. 2024-இல் சுமார் 47 விழுக்காடு பெற்ற திமுக கூட்டணி 39 இடங்களையும் வென்றது.

பல குறி முறையின் இன்னொரு வியப்பையும் இந்தியா பட்டறிந்திருக்கிறது. 1952, 1957 தேர்தல்களில் சில தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகளாக இருந்தன. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள், ஓரிடம் ஒதுக்கீட்டிடம். 1957-இல் ஆந்திரத்தின் பார்வதிபுரத்தில் பழங்குடி வேட்பாளர்கள் இருவருமே மேல் நிலைக்கு வந்து இரண்டு இடங்களையும் பெற, பொது இடத்தை எதிர்பார்த்து நின்ற வி.வி. கிரி தோற்றார். அவர் தொடுத்த வழக்கில் 1959-இல் உச்ச நீதிமன்றமும் அந்த முடிவை உறுதிசெய்தது. 1961-இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளே ஒழிக்கப்பட்டன. அதே கிரிதான் பிறகு விருப்ப வரிசை எண்ணிக்கையில் குடியரசுத் தலைவர் ஆனார்.

இதற்கு மாற்று, ஒற்றை மாற்று வாக்கு முறை. ஒவ்வொருவருக்கும் ஒரே வாக்கு, ஆனால் விருப்ப வரிசையுடன். மொத்த வாக்குகளை இடங்களோடு ஒன்றைக் கூட்டி வகுத்து, வரும் ஈவோடு ஒன்றைச் சேர்த்தால் ஓரிடத்துக்குத் தேவையான அளவு கிடைக்கும். 240 வாக்குகளை 12-ஆல் வகுத்தால் 20; ஒன்று கூட்ட 21. மேற்சொன்ன இரு அணிகளில் 130 வீடுகளின் ஆதரவுள்ள அணி 6 இடங்களையும், 110 வீடுகளின் ஆதரவுள்ள அணி 5 இடங்களையும் பெறும். எந்த அணியிலும் சேராத ஒருவரை 21 வீடுகள் விரும்பினால் அவரும் உள்ளே வருவார்.

மாநிலங்களவைத் தேர்தலில் நம் சட்டமன்ற உறுப்பினர்கள் பயன்படுத்துவது இதுதான். தமிழ்நாட்டில் 6 இடங்களுக்குத் தேர்தல் நடக்கும்போது 234 உறுப்பினர்களும் வாக்களித்தால், ஒரு சீட்டின் மதிப்பு 100 என்ற கணக்கில் மொத்தம் 23,400. அதை 7-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்ட 3,343. ஆகவே ஓரிடத்துக்கு 34 உறுப்பினர்கள் தேவை என்ற, செய்தித்தாள்களில் நாம் படிக்கும் எண் வருகிறது. அயர்லாந்தும் மால்டாவும் நூறு ஆண்டுகளாக இம்முறையில்தான் நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுக்கின்றன.

இதன் செலவு எண்ணும் மேசையில் இருக்கிறது. ஒருவர் 21-க்குப் பதிலாக 35 பெற்றால் மிகுதி 14-ஐ அடுத்த விருப்பங்களுக்கு மாற்ற வேண்டும். அந்த 35 சீட்டுகளும் ஒவ்வொன்றும் 0.4 மதிப்புடன் நகரும். பின்னங்கள் வருமிடத்தில் ஐயமும் வரும். சீட்டுக்கு 100 மதிப்பு என்று வைத்து, ஒவ்வொரு சுற்றின் முடிவையும் கரும்பலகையில் எழுதி, இரு அணி முகவர்களிடமும் கையொப்பம் வாங்கிய பிறகே அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும். ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆகும். மேலும், இருபது பெயர்களை வரிசைப்படுத்தும் சீட்டில் அந்த வரிசையே ஓர் அடையாளமாகிவிடலாம்: 'கடைசி ஐந்து பேரை இந்த வரிசையில் எழுது, நீ எழுதியதை நான் கண்டுகொள்வேன்' என்று ஒருவரை வற்புறுத்த முடியும். எண்ணும் இடத்தில் சீட்டுகளைக் கைப்பேசியில் படமெடுக்க அனுமதிக்காதிருப்பது இதற்காகத்தான்.

## ஒரே பார்வையில்

| முறை | சிறப்பாகப் பொருந்தும் இடம் | எண்ணும் வேலை | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| கை தூக்குதல் | தீர்மானங்கள் | மிகக் குறைவு | இரகசியம் இல்லை |
| ஒரே குறி | இருவர் போட்டி | குறைவு | வாக்குப் பிரிவு |
| இரண்டு சுற்று | ஒரே நாளில் இருமுறை கூட முடிந்தால் | இரு மடங்கு | இரண்டாம் முறை வருவோர் குறைவு |
| விருப்ப வரிசை | ஒரு பதவி, மூவர் அல்லது அதற்கு மேல் | நடுத்தரம் | பயிற்சி தேவை |
| ஏற்பு வாக்கு | ஒரு பதவி, அணிப்பகை இல்லாத இடம் | குறைவு | விருப்பத்தின் அளவு தெரியாது |
| பல குறி | ஒத்த கருத்துள்ள சிறு குழு | நடுத்தரம் | ஓர் அணிக்கே எல்லா இடமும் |
| ஒற்றை மாற்று வாக்கு | அணிகள் உள்ள செயற்குழு | அதிகம் | நீண்ட எண்ணிக்கை |

## குடவோலை

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசும்போது அதை நாம் 'வாக்களிப்பு' என்று சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது தகுதிகாண்பதும் சீட்டெடுப்பதும் சேர்ந்த முறை. முதலாம் பராந்தகன் காலத்தில் 30 குடும்புகளிலிருந்தும் (ஊரின் பிரிவுகள்) தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். வயது 35-க்கு மேலும் 70-க்குள்ளும் இருக்க வேண்டும். முன்பு வாரியத்தில் (ஊர்ச் சபையின் குழு) உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் விலக்கப்பட்டார்கள். முந்திய மூன்றாண்டுகளுக்குள் பதவி வகித்தவரும் சேர முடியாது. கணக்குத் தணிக்கைக் குழு, முறையீட்டுக் குழு போன்றவற்றுக்கு இதை இன்றும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். அங்கே தேவைப்படுவது எவருக்கும் கடன்படாத ஆள். செயலாளர் பதவிக்கு இது ஒவ்வாது, ஏனென்றால் பணி சரியில்லாத செயலாளரை உறுப்பினர்கள் வாக்கால் விலக்க முடிய வேண்டும். சம வாக்கு வந்தால் மட்டும் எந்த முறையிலும் குடவோலைதான் துணை: 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-ஆம் பிரிவும் சம வாக்குகளைக் குலுக்கலால் தீர்க்கவே சொல்கிறது.

## தாளா, கைப்பேசியா

வெளியூரில் இருக்கும் உறுப்பினர்களுக்காக இணையவழி வாக்கைக் கேட்கிறார்கள். வாட்ஸ்அப் வாக்கெடுப்பு கைதூக்குவதற்குச் சமம். யார் எதற்குப் போட்டார் என்பது அங்கே தெரிந்துவிடும். எஸ்தோனியா 2005 முதல் இணையவழி வாக்கை நடத்துகிறது. வீட்டில் வற்புறுத்தப்பட்டவர் பின்னர் தனியாக இருக்கும்போது மாற்றிப் போடலாம், கடைசி வாக்கே கணக்கில் வரும் என்ற ஏற்பாடும் அங்கே உண்டு. அத்தகைய ஏற்பாடும் நாட்டளவிலான அடையாள அட்டையும் இல்லாத ஒரு சங்கம், நேரில் வருவோருக்குத் தாள் சீட்டும், வர முடியாதவர்களுக்கு இரட்டை உறையில் அஞ்சல் சீட்டும் வைத்துக்கொள்வதே நல்லது: உள்ளுறையில் சீட்டு, வெளியுறையில் கையொப்பம், வெளியுறைகளைச் சரிபார்த்து அகற்றிய பிறகே உள்ளுறைகளைக் கலந்து திறக்க வேண்டும்.

## அந்த 240 வீடுகளுக்கு

செயலாளருக்கு விருப்ப வரிசை, செயற்குழுவுக்கு ஒற்றை மாற்று வாக்கு, தணிக்கைக் குழுவுக்குக் குடவோலை என்பது என் பரிந்துரை. எண்ணும் பொறுப்பேற்கப் பொறுமையுள்ள நான்கு பேர் கிடைக்கவில்லையென்றால், செயலாளருக்கு ஏற்பு வாக்கு; செயற்குழுவுக்கு 11 குறிகளுக்குப் பதிலாக ஆளுக்கு 4 குறிகள் என்று குறைத்துக்கொள்ளுங்கள். சரியான பங்கு கிடைக்காவிட்டாலும் ஓர் அணியே எல்லா இடங்களையும் அள்ளிக்கொள்வது கடினமாகும்.

இதற்கான துணைவிதித் திருத்தத்தைத் தேர்தல் அறிவிப்புக்குப் பல மாதங்கள் முன்பே, யார் நிற்பார்கள் என்று தெரியாத நிலையில், சட்டப்படிச் சிறப்புத் தீர்மானமாக நிறைவேற்றிவிடுங்கள். பெயர்கள் வெளியான பிறகு எந்த முறையை முன்மொழிந்தாலும் அது யாரோ ஒருவருக்குச் சாதகமானதாகவே பார்க்கப்படும். வாக்குச்சாவடிகளில் வாக்குப்பதிவுக்கு முன் முகவர்கள் எதிரில் மாதிரி வாக்குப்பதிவு நடத்துவதைப் போல, அடுத்த பொங்கல் விழாவில் மா, பலா, வாழை, கொய்யா, சப்போட்டா என்று ஐந்து பழங்களை வேட்பாளர்களாக வைத்து எல்லோரையும் வரிசைப்படுத்தச் சொல்லி, மேடையிலேயே எண்ணிக் காட்டுங்கள். '2' என்று எழுதாமல் விட்டவர்களின் சீட்டு எங்கே போய் நிற்கிறது என்பதைக் குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை அங்கேயே பார்த்துக்கொள்வார்கள். உண்மையான தேர்தல் முடிந்ததும் சீட்டுகளை முகவர்கள் கையொப்பத்துடன் முத்திரையிட்டுக் குறைந்தது 45 நாட்கள் பாதுகாத்து வையுங்கள். நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் தேர்தல் மனு தாக்கல் செய்யச் சட்டம் தரும் காலமும் அதுவே.